பாட்டு முதலா, ஊர் முதலா?
தேவாரத் தலங்களும் இலக்கியச் சுற்றுலா ஆய்வும்

திருவையாற்றுக்குக் கிழக்கே, திருப்பழனத்தை அடுத்து இருக்கிறது திங்களூர். நவக்கிரகச் சுற்றுலா வண்டிகள் தவறாமல் நிற்கும் ஊர் இது. சந்திரனுக்குரிய தலம் என்பதே இன்று இதன் முதல் அடையாளம். வருகிறவர்கள் விளக்கேற்றி, அர்ச்சனை முடித்து, அடுத்த கிரகத்துக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். பெரியபுராணம் படித்தவருக்கோ இது அப்பூதியடிகளின் ஊர். திருநாவுக்கரசரைக் காணாமலே அவர்மேல் அன்பு வைத்து, பெற்ற பிள்ளைகளுக்கும் வைத்த தண்ணீர்ப்பந்தலுக்கும் அவர் பெயரையே சூட்டியவர் அப்பூதியடிகள். நாவுக்கரசர் அமுது செய்ய வாழைக்குருத்து அரியப்போன மூத்த மகனைப் பாம்பு தீண்டியதும், அவர் பதிகம் பாடி அவனை எழுப்பியதும் இந்த ஊரில்தான் என்கிறார் சேக்கிழார்.

ஒரே ஊருக்கு இரண்டு முகங்கள். ஒன்றைத் தேடி ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். மற்றொன்றைத் தேடி வருபவர் சிலரே. இலக்கியத்துக்கும் ஊருக்கும் உள்ள உறவு என்ன, அந்த உறவு பயணமாக மாறும்போது என்ன நடக்கிறது, அதில் மரபுரிமை என்று நாம் காக்க வேண்டியது எது என்ற கேள்விகளை உலகெங்கும் ஆய்வாளர்கள் எழுப்பி வருகிறார்கள். அவற்றை இடைக்காலத் தமிழ்ப் பக்தி இலக்கியத்தின் தலங்களில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெளியே நடந்த ஆய்வுகள்

இலக்கியச் சுற்றுலா என்ற துறை பெரும்பாலும் எழுத்தாளரின் வீட்டிலிருந்தும் கல்லறையிலிருந்தும் தொடங்கியது. நிக்கோலா வாட்சன் 2006-இல் வெளியிட்ட நூல், 18, 19ஆம் நூற்றாண்டுப் பிரிட்டனில் வாசகர்கள் எப்படிக் கவிஞர்களின் கல்லறைக்கும் பிறந்த வீட்டுக்கும், பிறகு நாவல்கள் நடந்த நிலங்களுக்கும் போகத் தொடங்கினார்கள் என்பதை விரிவாகக் காட்டுகிறது. ஸ்டெய்ன் ரெய்ண்டர்ஸ் 2011-இல் எழுதிய நூல், டிராகுலா, ஜேம்ஸ் பாண்டு போன்ற கற்பனைப் பாத்திரங்களின் தடம் தேடிப் போகிறவர்களைப் பற்றியது. இவர்களுக்கு முன்பே டீன் மெக்கானல் 1970-களில், பயணி உண்மையான ஒன்றைத் தேடி வருகிறான், அவனுக்கு முன்னால் அந்த உண்மை மேடையேற்றிக் காட்டப்படுகிறது என்று வாதிட்டார். சுற்றுலாப் பயணிக்கும் யாத்திரிகனுக்கும் இடையே கறாரான கோடு போட முடியாது என்பதை விக்டர் டர்னரும் எடித் டர்னரும் 1978-இல் எழுதினார்கள்.

இடைக்கால இலக்கியம் என்று வரும்போது ஐரோப்பாவில் இரண்டு எடுத்துக்காட்டுகள் முன்நிற்கின்றன. ஒன்று தாந்தே. 1302-இல் ஃபுளோரன்ஸ் நகரம் அவரை நாடு கடத்தியது. 1321-இல் ராவென்னாவில் இறந்தார். உடலும் அங்கேயே இருக்கிறது. ஃபுளோரன்ஸின் சாந்தா குரோச்சே தேவாலயத்தில் 1829-இல் எழுப்பிய அவருடைய கல்லறை வெறுமையானது. இன்று அந்நகரத்தில் பயணிகள் பார்க்கும் தாந்தே வீடும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியதே. இன்னொன்று ஸ்பெயினின் சந்தியாகோ யாத்திரை வழி. 12ஆம் நூற்றாண்டில் தொகுத்த காலிக்ஸ்தினுஸ் சுவடியின் ஐந்தாம் பகுதி, எந்த ஆற்று நீரைக் குடிக்கலாம், எதைக் குடிக்கக் கூடாது என்பதுவரை சொல்லும் ஒரு வழிகாட்டி. 1987-இல் ஐரோப்பிய மன்றம் இந்த வழியை முதல் பண்பாட்டுப் பாதையாக அறிவித்தது. 2023-இல் 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பயணத்தை முடித்துச் சான்றிதழ் பெற்றார்கள்.

இவற்றில் தாந்தேயின் கதையில் வாசகன் கவிஞனைத் தேடிப் போகிறான். சந்தியாகோவில் யாத்திரை முதலில் இருந்தது. நூல் பிறகு வந்தது. தேவாரத்தின் நிலை இரண்டிலும் சேராது.

கவிஞரே பயணி

7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சம்பந்தரும் நாவுக்கரசரும், அவர்களுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிற்பட்ட சுந்தரரும் ஊர் ஊராக நடந்தவர்கள். நமக்குக் கிடைத்திருக்கும் 8,000-க்கும் மேற்பட்ட தேவாரப் பாடல்களில் மிகப் பெரும்பாலானவை ஏதாவது ஓர் ஊரின் பெயரைச் சுமந்திருக்கின்றன. அந்த ஊரின் வயலும் வாழையும் வண்டும் மீனும் அலையும் அப்பாடல்களில் உண்டு. பதிகம் இருப்பதால் ஊர் ‘பாடல் பெற்ற தலம்’ ஆகிறது. தனிப்பதிகம் இல்லாமல் பாட்டுக்குள் பெயர் மட்டும் வந்தால் அது ‘வைப்புத் தலம்’. திங்களூர் அப்படி ஒரு வைப்புத் தலமே. பாட்டு இருக்கிறதா என்பதைக் கொண்டு ஊரைத் தரம் பிரிக்கும் இந்த வழக்கத்தை ஓர் இலக்கியம் ஒரு நாட்டின் நிலப்படத்தை வரைந்த சான்றாகவே கொள்ளலாம்.

அந்த நிலப்படத்தைக் கவிஞர்களே தொகுத்தும் வைத்தார்கள். நாவுக்கரசரின் அடைவுத் திருத்தாண்டகம் ஊர்ப்பெயர்களை அவற்றின் ஈறுகளைக் கொண்டு அடுக்குகிறது: பள்ளி என முடிபவை, குடி என முடிபவை, காடு, வாயில், துறை, குளம் என முடிபவை. இடப்பெயர் ஆய்வு என்று இன்று நாம் சொல்வதன் முதல் வரிசையை ஒரு வழிபாட்டுப் பாடலில் காண்கிறோம். சுந்தரரின் ஊர்த்தொகையும் நாட்டுத்தொகையும் இதே முயற்சியின் தொடர்ச்சி.

மரபான 274 தலங்களின் கணக்கைப் பார்த்தால் இந்தப் பயணத்தின் சாய்வு தெரியும். காவிரியின் வடகரையில் 63, தென்கரையில் 127. அதாவது மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் சோழநாட்டில். தொண்டைநாட்டில் 32, நடுநாட்டில் 22, பாண்டிநாட்டில் 14, கொங்கில் 7. ஈழத்தில் திருக்கோணமலை, திருக்கேதீச்சரம் என 2, மலைநாட்டில் திருவஞ்சைக்களம், துளுநாட்டில் கோகர்ணம், வடநாட்டில் 5. இந்த எண்ணிக்கை பக்தியை மட்டும் காட்டவில்லை. நீர் பாய்ந்த இடத்தில் ஊர் நெருங்கியது, ஊர் நெருங்கிய இடத்தில் கோயில் நெருங்கியது என்ற வேளாண் வரலாற்றையும் காட்டுகிறது.

இதில் ஆய்வாளர் கவனிக்க வேண்டிய இன்னொரு நுட்பம் உண்டு. எல்லா ஊருக்கும் கவிஞர் போகவில்லை. திருக்கோணமலையையும் திருக்கேதீச்சரத்தையும் சம்பந்தர் இராமேச்சரத்தில் நின்றபடி பாடினார் என்கிறது பெரியபுராணம். திருக்கேதாரம் முதலிய வடநாட்டுத் தலங்களைக் காளத்தியிலிருந்தே பாடினார் என்கிறது. காணாத ஊரையும் பாட்டு தன் எல்லைக்குள் கொண்டுவந்துவிட்டது. ஈழத்துச் சைவர்கள் இன்றும் அந்த இரண்டு கோயில்களையும் பாடல் பெற்ற தலங்கள் என்றே பெருமையோடு சொல்கிறார்கள்.

பாட்டையும் ஊரையும் இணைத்த ஆய்வுகள்

சைவப் பாடல்களின் புனித நிலவியலைத் தனிப்பொருளாக எடுத்து ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் ஜார்ஜ் ஸ்பென்சர். 1970-இல் வெளிவந்த அவருடைய கட்டுரை, நாயன்மார்களின் பயணங்கள் சிதறிய கோயில்களை ஒரே வலையில் கோத்ததையும், பின்னால் வந்த சோழர் ஆட்சிக்கு அந்த வலை பயன்பட்டதையும் எண்ண வைத்தது. இந்திரா பீட்டர்சன் 1989-இல் வெளியிட்ட தேவார மொழிபெயர்ப்பு நூல், தலம், பயணம், பாட்டு மூன்றையும் பிரிக்காமல் விளக்கியது. புதுச்சேரியில் தி. வே. கோபாலய்யரும் பிரான்சுவா குரோவும் 1984-இல் தொடங்கி வெளியிட்ட தேவாரப் பதிப்பு, பிற்கால ஆய்வுகளுக்கு அடித்தளமானது. அதை ஒட்டி ழான்-லுக் செவியாரும் எஸ். ஏ. எஸ். சர்மாவும் 2007-இல் தந்த மின்பதிப்பில் பாடலோடு தலங்களின் நிலப்படமும் சேர்ந்தது.

பல்கலைக்கழகங்களுக்கு வெளியே நடந்த பணி இதற்குக் குறைந்ததில்லை. கோவை சி. கே. சுப்பிரமணிய முதலியாரின் பெரியபுராண உரையைப் புரட்டுங்கள். பாட்டுக்கும் பதவுரைக்கும் நடுவே ‘தலவிசேடம்’ என்று ஒரு பகுதி வரும். அந்தத் தலத்தின் சிறப்பைச் சொல்லிவிட்டு, எந்த ரயில் நிலையத்தில் இறங்கி, எந்தச் சாலை வழியே, எத்தனை நாழிகை போக வேண்டும் என்று உரையாசிரியர் எழுதுகிறார். 12ஆம் நூற்றாண்டுக் காப்பியத்தின் உரைக்குள் 20ஆம் நூற்றாண்டு ரயில் ஓடுகிறது. உரை படிப்பவன் ஊருக்குப் போகாமல் இருக்கக் கூடாது என்ற அக்கறை அதில் இருக்கிறது. இலக்கியச் சுற்றுலா என்ற சொல் தமிழில் புழங்குவதற்கு முன்பே அதன் மிகச் சிறந்த வடிவத்தை ஓர் உரையாசிரியர் செய்து காட்டிவிட்டார் என்றே கருதுகிறேன். ரா. பி. சேதுப்பிள்ளையின் ‘ஊரும் பேரும்’, தொ. மு. பாஸ்கரத் தொண்டைமானின் ‘வேங்கடம் முதல் குமரி வரை’ ஆகியவை அதே அக்கறையைப் பொது வாசகரிடம் கொண்டுபோயின.

இந்த உறவு இரு திசையிலும் நடக்கும் என்பதற்குத் திருவிடைவாய் சான்று. அந்த ஊருக்குச் சம்பந்தர் பாடிய பதிகம் ஏட்டுச் சுவடிகளில் கிடைக்கவில்லை. 1917-இல் அவ்வூர்க் கோயிலின் கல்வெட்டில் அது கிடைத்தது. ஓலை இழந்ததைக் கல் காத்துக் கொடுத்தது. யாராவது ஒருவர் அந்த ஊருக்குப் போய்ச் சுவரைப் படித்திராவிட்டால், தேவாரத்தில் ஒரு பதிகம் நமக்கு இல்லாமலே போயிருக்கும்.

கவிஞர் கண்ட கோயில் எது?

மெக்கானல் எழுப்பிய உண்மைத்தன்மை பற்றிய கேள்வி இங்கேயும் வரும். இன்று நாம் நிற்கும் கோயில் சம்பந்தர் நின்ற கோயிலா? பெரும்பாலும் அல்ல. அவர் காலத்துக் கோயில்களில் மிகுதியானவை செங்கல்லும் மரமும் கொண்டவை. 10ஆம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவி என்ற சோழப் பேரரசி, பாடல் பெற்ற கோயில்கள் பலவற்றைக் கல்லால் எடுப்பித்தார். கோனேரிராசபுரம் என்று இன்று வழங்கும் திருநல்லத்தில், கணவர் கண்டராதித்தர் பெயரால் அவர் கட்டிய கற்றளியும், கண்டராதித்தர் இலிங்கத்தை வழிபடும் சிற்பமும், அதைச் சொல்லும் கல்வெட்டும் இருக்கின்றன. அவர் எடுப்பித்த கோயில்களின் பட்டியல் தேவாரத் தலங்களின் பட்டியலோடு பெரிதும் பொருந்துவதைப் பார்த்தால், கையில் பதிகங்களை வைத்துக்கொண்டு திருப்பணி செய்தாரோ என்று தோன்றும். பிற்காலத்தில் நகரத்தார் செய்த பெரும் திருப்பணிகளில் பல கோயில்கள் மறுபடியும் உருமாறின. சில இடங்களில் பழைய கற்களும் இடம் பெயர்ந்தன.

எனவே சோழநாட்டுக் கோயிலில் நாம் காண்பது, ஒவ்வொரு தலைமுறையும் பாட்டைப் படித்துத் தன் காலத்துக்கு ஏற்ப எழுதிய உரை. தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறைச் சுற்றில், நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை 1931-இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். சுந்தரர் வெள்ளை யானையிலும் சேரமான் பெருமாள் குதிரையிலும் கயிலைக்குப் போகும் காட்சி அங்கே இருக்கிறது. சேக்கிழார் எழுதுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அந்தக் கதை சுவரில் ஏறிவிட்டது. தாராசுரத்தில் இரண்டாம் இராசராசன் எடுப்பித்த ஐராவதீசுவரர் கோயிலில் நாயன்மார் கதைகள் பெயர்ப் பொறிப்புகளோடு சிறு சிறு சிற்பங்களாக வரிசையாக நிற்கின்றன. ஜான் மார் 1979-இல் இந்த வரிசையைப் பெரியபுராணத்தோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். நூல் முடிந்து சில பத்தாண்டுகளுக்குள் அது கல்லில் படமாகிவிட்ட அதிசயம் இது. மிக நுணுக்கமாகச் செதுக்கிய அந்தக் கதைகளுக்கு முன்னால், கையில் புத்தகத்தோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படிக்க ஒரு நாள் போதாது. 2004-இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த இக்கோயிலுக்கு வருவோரில் பலர் அரை மணி நேரத்தில் புறப்பட்டுவிடுகிறார்கள்.

எந்தக் கதையைச் சொல்வது?

ஊரில் ஒரு கதை மட்டும் இருப்பதில்லை. கதையின் மேல் கதை படிந்திருக்கிறது. திருப்புன்கூருக்குப் போனால் விலகியிருக்கும் நந்தியைக் காட்டி நந்தனார் கதையைச் சொல்வார்கள். சுந்தரரின் திருத்தொண்டத்தொகையில் நந்தனாருக்குக் கிடைப்பது திருநாளைப்போவார் என்ற பெயர் மட்டும். நம்பியாண்டார் நம்பி சற்றே விரித்தார். சேக்கிழார் ஆதனூரின் சேரியையும் அங்கு வாழ்ந்த மக்களையும் அக்கறையோடு வரைந்து, திருப்புன்கூரையும் தில்லையையும் கதையில் இணைத்தார். 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார், கொடுமைக்கார வேதியர் ஒருவரைப் பண்ணையாராகச் சேர்த்துக் கீர்த்தனை நாடகமாக்கினார். அது மேடைக்கும் திரைக்கும் போனது. இன்று கோயிலில் நின்று கதை கேட்பவர் பெரும்பாலும் கேட்பது பாரதியாரின் நந்தனை. பண்ணையார் சேக்கிழாரிடம் இல்லை என்பது பலருக்கு வியப்பாகவே இருக்கும். இந்த அடுக்குகளைப் பிரித்துச் சொல்வதால் நந்தனார் சிறுத்துப்போக மாட்டார். அவர் தீயில் மூழ்கித்தான் தில்லைக் கோயிலுக்குள் போக முடிந்தது என்று ஒரு சமூகம் தன் புராணத்திலேயே ஒப்புக்கொண்டதை அப்போதுதான் கூர்ந்து பார்ப்போம்.

திருநள்ளாறும் அப்படியே. சனிப்பெயர்ச்சி நாளில் அங்கே கூடும் கூட்டம் நாடறிந்தது. மதுரையில் சமணரோடு நடந்த அனல்வாதத்தில் சம்பந்தர் தீயிலிட்ட ஏட்டில் இருந்தது திருநள்ளாற்றுப் பதிகம்; அது வேகாமல் பச்சையாக இருந்ததால் ‘பச்சைப் பதிகம்’ என்று பெயர் பெற்றது. இந்தச் செய்தி கூட்டத்தில் எத்தனை பேரை எட்டுகிறது? எட்ட வேண்டும். எட்டும்போது கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். அதைத் தொடர்ந்த புனல்வாதத்தின் முடிவில் 8,000 சமணர் கழுவேறினர் என்று மரபு சொல்கிறது. நிகழ்ந்த காலத்துச் சான்று எதுவும் இதை உறுதி செய்யவில்லை. நடந்ததா என்ற கேள்விக்கு வரலாற்றாசிரியர்கள் தயங்கியே விடை சொல்கிறார்கள். ஆனால் அதை நினைவில் வைத்துக் கொண்டாடிய மனநிலை உண்மை. நாவுக்கரசரே சமணப் பள்ளியில் தருமசேனராக இருந்து திரும்பியவர். சமணத்தை நீக்கிவிட்டுத் தேவாரத்தின் ஊர்களைப் புரிந்துகொள்ள முடியாது. கசப்பை மறைத்துச் சொல்லும் மரபுரிமை, கேட்பவரைக் குழந்தையாக நடத்துகிறது.

கல் நிற்கிறது, பாட்டு?

எதைக் காக்கிறோம் என்ற கேள்விக்கு இப்போது வரலாம். சட்டமும் பட்டியலும் நிதியும் பெரும்பாலும் கல்லுக்கும் செம்புக்கும் போகின்றன. இந்த ஊர்களை ஊர்களாக்கியது பாட்டு. பாட்டைக் கோயிலில் ஒலிக்க வைக்கும் ஏற்பாடு பழமையானது. 9ஆம் நூற்றாண்டிலேயே திருவல்லம் கோயிலின் பல்லவர் காலக் கல்வெட்டு திருப்பதியம் பாடுவோரைக் குறிப்பிடுகிறது. முதலாம் இராசராசன் தஞ்சைக் கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய 48 பிடாரர்களையும், உடன் உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிக்க இருவரையும் அமர்த்தி, நாள்தோறும் நெல் அளக்க ஏற்பாடு செய்தான். 50 பேரும் பெயரோடு கல்வெட்டில் இருக்கிறார்கள். இன்று பல பாடல் பெற்ற தலங்களில் ஓர் ஓதுவார்கூட இல்லை. இருக்கும் இடத்திலும் அவர் பாடும் நேரம் பூசைக்கு நடுவே சில நிமிடங்கள். வேதம் ஓதும் மரபு யுனெஸ்கோவின் பட்டியலில் இருக்கிறது. தேவாரப் பண்ணிசை அதில் இல்லை. தமிழ் இசைச் சங்கம் பல பத்தாண்டுகளாக நடத்திவரும் பண் ஆராய்ச்சி அரங்கத்தில் நிற்கிறது. அது தலத்துக்குத் திரும்ப வேண்டும்.

நம்பிக்கை தரும் வழிகளும் இருக்கின்றன. சித்திரையில் திருவையாற்றிலிருந்து புறப்படும் ஏழூர்ப் பல்லக்கு, திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, திருநெய்த்தானம் வழியாகச் சுற்றித் திரும்புகிறது. ஏழும் பாடல் பெற்ற ஊர்கள். வயலும் ஆறும் கடந்து மக்கள் உடன் நடக்கிறார்கள். ஆடி அமாவாசையில் திருவையாற்றில், அப்பர் என்றும் வழங்கும் நாவுக்கரசரின் கயிலைக் காட்சி விழா நடக்கிறது. சித்திரைச் சதயத்தில் திருப்புகலூரில் அவர் இறைவனோடு கலந்த நாளைக் கொண்டாடுகிறார்கள். கம்பனுக்கும் இப்படி ஒரு வழி அமைந்தது. சா. கணேசன் 1939-இல் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் விழா, கவிஞர் சமாதி இருப்பதாக மரபு சொல்லும் நாட்டரசன்கோட்டையில் நிறைவு பெறுகிறது. இலக்கியம் படிப்பதும் ஊருக்கு நடப்பதும் ஒரே செயலாக இருந்த மரபு நமக்குப் புதிதில்லை.

ஆய்வு போக வேண்டிய திசை

ஒரு தலத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை அறைகள் நிரம்பின என்று எண்ணுவது எளிது. வந்தவர்கள் எந்தப் பாட்டைக் கேட்டார்கள், எந்தக் கதையோடு திரும்பினார்கள் என்று கேட்பது கடினம். அந்தக் கேள்வியில்தான் இலக்கியச் சுற்றுலா ஆய்வு தொடங்குகிறது. தமிழ்த்துறையும் வரலாற்றுத்துறையும் சுற்றுலாத்துறையும் இசைத்துறையும் ஒரே ஊரில் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். பதிகத்தின் காலம், கல்வெட்டின் காலம், கதையின் காலம் மூன்றையும் தனித்தனியே குறித்து, ஒவ்வொரு ஊருக்கும் ஒரு புதிய தலவிசேடம் எழுத வேண்டும். நவக்கிரக வழிபாட்டோடு இதற்குப் பகை இல்லை. சந்திரனைத் தேடி வந்தவர்தான் அப்பூதியின் ஊருக்குள் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கிறார். அவருக்குச் சொல்ல ஆள் இல்லை என்பதே குறை.

திங்களூரில் பாடியதாகச் சேக்கிழார் சொல்லும் விடந்தீர்த்த திருப்பதிகத்தில் இறைவன் அணியும் பாம்பு உண்டு; மகனைத் தீண்டிய பாம்பு இல்லை, மகனைப் பற்றிய செய்தியும் இல்லை. ஒன்று முதல் பத்து வரை எண்ணி எண்ணி இறைவனைப் போற்றும் பாட்டு அது. ஆனால் அடுத்த ஊரான திருப்பழனத்துப் பதிகம் ஒன்றில் அப்பூதியின் பெயரை நாவுக்கரசரே தம் வாயால் சொல்கிறார். ஐந்து நூற்றாண்டு கழித்து வந்த காப்பியத்தின் துணை இல்லாமலே, இந்த மண்ணில் அப்படி ஒருவர் இருந்தார், கவிஞருக்கு அவர் அன்பு தெரிந்திருந்தது என்று அந்த ஒரு பெயர் சாட்சி சொல்கிறது. திருப்பழனத்தில் ஓர் ஓதுவார் அந்தப் பதிகத்தைப் பாடக் கேட்டுவிட்டு, திங்களூர் வரை வயல்வழியே ஒருவர் நடந்து போகட்டும். அவருக்கு அந்த ஊரில் யாரும் எதையும் மேடையேற்றிக் காட்ட வேண்டியிருக்காது.